பஜ்ஜி நல்லா இருந்துச்சா?

மோட்டார் சைக்கிள் கிளப் என்றதும் உங்கள் மனசில் என்ன தோன்றுகிறது? கறுப்புத் தோல் ஜாக்கெட், முதுகில் மண்டை ஓடு, தோளில் டிராகன் பச்சை, இடுப்பில் தொங்கும் சங்கிலி. எதிரே வந்தால் நாம் ஓரமாக ஒதுங்கி, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தானே?

எங்கள் கிளப்பை ஒரு தடவை வந்து பாருங்கள் சார். மொத்தம் ஏழு பேர். அதில் மூன்று பேருக்கு மூட்டு வலி. இரண்டு பேர் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறவர்கள். முதுகில் மண்டை ஓடெல்லாம் கிடையாது. கிட்டே போனால் தைல வாசனை வேண்டுமானால் வரும்.

கிளப்புக்குப் பெயரும் கிடையாது. வாட்ஸப்பில் ஏழு தடவை ஓட்டெடுப்பு நடத்தினோம். ஏழு தடவையும் ஏழு பெயர்கள், ஆளுக்கொரு ஓட்டு. ஜனநாயகம் இதற்கு மேல் செழிக்க முடியாது என்று விட்டுவிட்டோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, விடியற்காலையில் கிளம்பி, எங்காவது கிராமத்துப் பக்கம் போய்விட்டு, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப வேண்டும். கிளப்பின் லட்சியம், கொள்கை, வேலைத்திட்டம் எல்லாம் இவ்வளவுதான்.

முதல் வண்டி தலைவருடையது. வங்கி மேலாளர். கழுத்தில் விசில் மாட்டியிருப்பார். கூட்டத்தைக் கட்டுப்படுத்தவாம். அந்த விசிலுக்கு இதுவரை அசைந்தது ஒரு கோழி மட்டுமே. இரண்டாவது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. மூன்றாவது, சாஃப்ட்வேர் தம்பி. ஹெல்மெட் மேல் காமிரா வைத்திருப்பார். நாலாவது, அடியேன். மற்றவர்கள் புல்லட்டும் நானூறு சி.சி.யுமாக வர, காய்கறி வாங்கவும் கட்டுரை கொடுக்கவும் வாங்கிய 125 சி.சி. வண்டியில் நான் போவதைப் பார்த்தால், யானை ஊர்வலத்தில் ஆட்டோ புகுந்த மாதிரி இருக்கும். ஐந்தாவது, பல் டாக்டர். மேடு பள்ளங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடப்பவர். ஆறாவது, தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர். நாங்கள் டெலிபோன் சார் என்போம். ஏழாவது, லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்.

டெலிபோன் சாரின் புல்லட் 1984 மாடல். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று உலகத்துக்கே தலைகீழான வண்டி. அதைப் பற்றிக் கேட்டால் போதும். இங்கிலாந்தில் பிறந்தது, 1955-ல் சென்னைக்கு வந்தது, அங்கே தாய் வீட்டையே மூடிய பிறகும் திருவொற்றியூரில் தட்டித் தட்டியே உயிர் வாழ்ந்தது என்று ஆரம்பித்து, ஏதோ சொந்த அத்தை கதை மாதிரி சொல்வார். அந்த வண்டியை விற்கச் சொல்லி அவர் பையன் ஒரு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான் என்பதும் எங்களுக்குத் தெரியும். 'இன்னும் ஒரே ஒரு தடவை ஏதாவது ஆகட்டும், சாவி என்கிட்ட வந்துடணும்' என்பது பையன் போட்ட கண்டிஷன்.

நான் பி.காம். படித்தவன். மூன்று வருஷப் படிப்பில் இன்னும் ஞாபகம் இருக்கிற சமாசாரங்களில் ஒன்று, 1932-ம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். அதன் 25-ம் பிரிவு என்ன சொல்கிறது? நிறுவனம் கடன் பட்டால் கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. 'அந்தக் கடன் அவர் வாங்கினது சார், எனக்குத் தெரியாது' என்று கழன்றுகொள்ள முடியாது. பரீட்சையில் இதை எழுதியபோது புரியவில்லை. இந்த ஏழு பேரோடு ரோட்டில் போனபோதுதான் புரிந்தது.

எங்கள் கிளப்பில் ஒரே ஒரு சட்டம்தான். உனக்குப் பின்னால் வருகிறவர் உன் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியவில்லையா, வேகத்தைக் குறை. அப்புறமும் தெரியவில்லையா, ஓரம் கட்டி நில்.

அவ்வளவுதானா என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏழாவது ஆள் நின்றுவிட்டால், ஆறாவது ஆள் கண்ணாடியில் பார்த்து நிற்பார். ஆறாவது நின்றதால் ஐந்தாவது நிற்பார். ஐந்து நிற்க நாலு, நாலு நிற்க மூன்று... இப்படியே சங்கிலி மாதிரி போய், ஒரு கிலோமீட்டர் முன்னால் இருக்கிற தலைவரும் நின்றுவிடுவார். போன் வேண்டாம், ஹாரன் வேண்டாம், டவர் கிடைக்கிறதா என்று கையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டால் போதும். ஏழு பேரும் பத்திரம்.

அதே மாதிரி திருப்பங்களிலும். கிளைச் சாலையில் திரும்பினால், பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்துவிட்ட பிறகுதான் நகரலாம். புதுசாகச் சேர்ந்தவருக்கு இரண்டாவது இடம். தலைவருடைய வேகத்தை அவர் துரத்த வேண்டியதில்லை. அவருடைய வேகத்துக்குத் தலைவர் ஓட்டுவார்.

'கடைசியில வர்றவங்கதானே மெதுவா வருவாங்க? அவங்களுக்கு என்ன ஆபத்து?' என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை பெருங்களத்தூர் டீக்கடையில் அதே கேள்வியை சாஃப்ட்வேர் தம்பி கேட்டார். கணக்கு டீச்சர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். டீச்சர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்தால் பாடம் ஆரம்பம் என்று அர்த்தம்.

"தலைவர் அறுபதுல போறார்னு வச்சுக்குங்க. அறுபதுன்னா செகண்டுக்குப் பதினாறு மீட்டர் சொச்சம். ஆளுக்கு ரெண்டு செகண்ட் இடைவெளி, அதாவது முப்பத்து மூணு மீட்டர். சரியா?"

"சரி."

"முன்னால ஒரு பஸ். தலைவர் ஓவர்டேக் பண்ணிடறார். எதிர்ல லாரி வருது. அடுத்த ஆள் காத்திருக்கணும். அவர் போனதும் அதுக்கடுத்த ஆள். ஆளுக்கு அஞ்சு செகண்ட் தாமதம்னா ஏழாவது ஆளுக்கு எவ்வளவு?"

"முப்பது."

"முப்பது செகண்ட்ல தலைவர் எவ்வளவு தூரம் போயிருப்பார்?"

"அரை கிலோமீட்டர்..." தம்பியின் குரல் இறங்கியது.

"அந்த அரை கிலோமீட்டரை ஒரே நிமிஷத்துல பிடிக்கணும்னா கடைசி ஆள் தொண்ணூறுல வரணும். தலைவர் மீட்டர்ல அறுபதுதான் காட்டும். 'நாம மெதுவாத்தானே போறோம்'னு அவர் பாட்டுக்குப் போவார். ரப்பர் பேண்டை ஒரு பக்கம் இழுத்தா மறு முனை வேகமா வந்து அடிக்கும் பாருங்க, அதான் இது. அதனால, தாண்டினதும் தலைவர் நாப்பதுக்கு இறங்கணும். எல்லாரும் தெரியற வரைக்கும்."

தலைவர் விசிலைத் தடவிக்கொண்டே, "நான் இறங்கறேனே டீச்சர்" என்றார், வீட்டுப்பாடம் முடித்த பையன் மாதிரி.

போன தை மாதத்து ஞாயிறு அது. போக வேண்டிய இடம் செஞ்சி. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினோம். ஜி.எஸ்.டி. என்றால் என் போன்ற பி.காம்.களுக்கு வயிற்றைக் கலக்கும் வரி. இது அதற்கெல்லாம் தாத்தா, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. சுங்கச்சாவடியில் காரெல்லாம் வரிசையில் நின்று அழ, இரு சக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை என்கிற கர்வத்தில் நாங்கள் ஓரமாகப் புகுந்து போனோம். இந்தியாவில் இப்படி ராஜ மரியாதை வேறு எங்கே கிடைக்கிறது!

மதுராந்தகத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஐந்து நிமிஷம் நிறுத்தினோம். பனி விலகாத நேரம். ஏரி காத்த ராமர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கும்பெனி காலத்துக் கலெக்டர் லயனல் பிளேஸ், மழையில் ஏரி உடைந்துவிடுமோ என்று பயந்துகொண்டு ராத்திரியில் கரைக்கு வர, வில்லோடு இரண்டு பேர் கரை மேல் காவல் நிற்பதைப் பார்த்தாராம். கரை உடையவில்லை. வந்தவர்கள் ராமரும் லட்சுமணரும் என்பது ஊர் நம்பிக்கை. "பாருங்க, ராமரே தனியா போகலை. கூட ஒரு ஆள் இருந்திருக்கார்" என்றார் லேத் அண்ணன். அவருக்கு எல்லாக் கதையிலும் இரண்டாவது ஆள்தான் கண்ணில் படுவார்.

திண்டிவனத்தில் இட்லி. தலைவர் டிபனுக்கு ஒதுக்குவது சரியாக அரை மணி. இருபத்தெட்டாவது நிமிஷம் விசில். பல் டாக்டர் காபியை நின்றுகொண்டே குடித்தார்.

அங்கிருந்து செஞ்சி ரோடு. இரண்டு பக்கமும் நிலக்கடலை, அப்போதுதான் மஞ்சளாகப் பூத்திருந்தது. இந்த மண்ணுக்கும் கடலைக்கும் பழைய சம்பந்தம். கடலை ரகங்களில் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்றெல்லாம் சொல்கிறார்களே, அந்த டி.எம்.வி. வேறொன்றுமில்லை, திண்டிவனம்தான். இங்கே இருக்கிற எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. நாம் கடற்கரையில் வாங்கிக் கொறிக்கிற கடலைக்கு இனிஷியல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் சாஃப்ட்வேர் தம்பிக்குத் தெரிந்தது.

தெரிந்த சந்தோஷமோ என்னவோ, தம்பி திடீரென்று டீச்சரைத் தாண்டி, தலைவரையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார். விசில் ஊதி வாய் வலித்தது தலைவருக்கு.

தீவனூரில்தான் பிடித்தோம். டீக்கடை பெஞ்சில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார்.

"எவ்வளவு ஸ்பீடு தம்பி?"

"எழுபதுதான் அண்ணே."

தலைவர் கோபப்படவில்லை. "இந்த ஊர் எந்த ஊர் தெரியுமா? பொய்யாமொழிப் பிள்ளையார் ஊர். ஒரு வியாபாரி மிளகு மூட்டையை வச்சுக்கிட்டு, கேட்டவங்ககிட்ட உளுந்துன்னு பொய் சொன்னானாம். மூட்டை மூட்டையா அத்தனையும் உளுந்தாவே மாறிப்போச்சுன்னு சொல்லுவாங்க. வா, சந்நிதியில நின்னு எழுபதுன்னு சொல்லு."

தம்பி தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அது மொபெட்டாக மாறிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்த மாதிரி இருந்தது.

"நூத்திப் பத்து அண்ணே."

சரக்கின் பெயரை மாற்றிச் சொல்லி வரி ஏய்க்கும் வியாபாரிகளைப் பிடிக்க எத்தனையோ அதிகாரிகள் இருக்கலாம். இந்தப் பிள்ளையார் மாதிரி உண்டா!

அடுத்த பாடம் ஓர் ஆட்டு மந்தையிடம். தீவனூர் தாண்டி ஒரு கிராமத்துச் சாலையில் திரும்பியிருந்தோம். குறுக்கே ஓர் ஆடு ஓடியது. கிராமத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பால பாடம். ஓர் ஆடு கடந்துவிட்டது என்று கிளம்பக் கூடாது. அதைத் தேடிக்கொண்டு இன்னொன்று வரும். அதைத் தேடிக்கொண்டு நாற்பது வரும். நிறுத்தினோம். நாற்பதும் வந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால், தோளில் கோலும் தலையில் துண்டுமாக ஒரு பெரியவர்.

லேத் அண்ணன் கேட்டார்: "ஏன் பெரியவரே, நீங்க முன்னால நடந்து வழி காட்டக் கூடாதா?"

அவர் எங்கள் ஏழு பேரையும் ஹெல்மெட்டோடு மேலும் கீழும் பார்த்தார். சந்திரனிலிருந்து வந்தவர்களுக்குப் பதில் சொல்கிற பொறுமையோடு சொன்னார்:

"முன்னால நடந்தா வழிதான் தெரியும் கண்ணு. எத்தினி ஆடு இருக்குதுன்னு பின்னால நடந்தாதான் தெரியும்."

"வழி?"

"வழி ஆட்டுக்குத் தெரியாதா?" போய்விட்டார்.

லேத் அண்ணன் அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருந்தது. எங்கள் கிளப்பில் வண்டி வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஓட்டுவதிலும் அவர்தான் சூரர். ஆனால் இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், ஏழாவது இடத்தை விட்டு அசைந்ததில்லை. முன்னால் வரச் சொன்னால், 'எனக்குப் புகை பிடிக்கும், விடுங்க' என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

செஞ்சிக் கோட்டையைப் பற்றி நான் என்ன புதுசாகச் சொல்லப் போகிறேன்! மூன்று மலைகளைச் சுற்றி மதில் போட்டுக் கட்டிய கோட்டை. 1677-ல் சிவாஜி பிடித்தார். முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட வேண்டியிருந்தது. (எங்கள் தலைவராக இருந்தால் அரை மணியில் விசில் அடித்திருப்பார்.) 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம்ம செஞ்சி.

ஆனால் செஞ்சி என்றால் நமக்கு தேசிங்கு ராஜாதான். ஆற்காட்டு சாதத்துல்லா கான் கப்பம் பாக்கி என்று பெரும் படையோடு வர, சில நூறு குதிரை வீரர்களோடு பாய்ந்து போய் 1714-ல் மாண்டு போன வாலிபன். கல்யாணப் பந்தலிலிருந்து பாதியில் எழுந்து ஓடி வந்த நண்பன் மகபத் கானும் கூடவே செத்தான் என்று கதைப்பாட்டு சொல்கிறது. முன்னால் போன ராஜாவுக்கும் நண்பனுக்கும் குதிரைக்கும்கூடப் பெயர் இருக்கிறது. பின்னால் போன அந்தச் சில நூறு பேரின் பெயர்?

இதை நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ராஜகிரியில் பாதி ஏறி இறங்கி, மர நிழலில் எலுமிச்சம்பழ சாதப் பொட்டலத்தைப் பிரித்திருந்தோம். லேத் அண்ணன் சாதத்தைப் பிசைந்தபடியே ஆரம்பித்தார்.

"2003-ல நாங்க நாலு பேர் ஏலகிரி போனோம். நாலும் டூ ஸ்ட்ரோக் வண்டி. பதினாலு கொண்டை ஊசி வளைவு. யார் முன்னால ஏறுறதுன்னு போட்டி. நான்தான் ஜெயிச்சேன். மேல ஒரு பஜ்ஜிக் கடை. வாழக்கா பஜ்ஜி, மொளகா பஜ்ஜி, சூடா... ரெண்டாவது பிளேட் சொல்லும்போதுதான் ஒருத்தன் கேட்டான், 'எங்கடா நாலாவது ஆளு?'ன்னு. 'போட்டோ பிடிச்சிட்டு இருப்பான்டா'ன்னேன். ரெண்டாவது பிளேட்டையும் தின்னோம்."

யாரும் பேசவில்லை.

"எட்டாவது வளைவுல மணல். சறுக்கி விழுந்து, வண்டி கால் மேல. ஒரு பால்காரர் வண்டியைத் தூக்கிவிட்டுட்டு, வெயில் முகத்துல படாம குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நாங்க போறதுக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. யாருன்னே தெரியாத அந்த மனுஷன் நாப்பது நிமிஷம் குடை பிடிச்சிருக்காரு."

"இப்ப அவர்...?" என்றார் டீச்சர்.

"நல்லாத்தான் இருக்கான். கால் கொஞ்சம் இழுக்கும். கல்யாணம் ஆகி ரெண்டு பொண்ணுங்க. என்னை ஒரு தடவைகூடத் திட்டினதில்ல. எப்பப் பார்த்தாலும் சிரிச்சுக்கிட்டே ஒரே கேள்விதான் கேப்பான்: 'பஜ்ஜி நல்லா இருந்துச்சாடா?'"

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. அண்ணன் காலிப் பொட்டலங்களைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனார்.

திரும்பும்போது மணி இரண்டரை இருக்கும். ஒரு கிராமத்தில் ரோடு முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரத்திலேயே கதிரடிக்கிற ஏற்பாடு. "நல்லா ஏத்திட்டுப் போங்க தம்பி, கூலி மிச்சம்!" என்று ஒரு பெரியம்மா முறத்தோடு வரவேற்றார். காருக்கு இது விளையாட்டு. மோட்டார் சைக்கிளுக்கு இது வாழைப்பழத் தோல். பிரேக் போடக் கூடாது, திருப்பக் கூடாது, ஒரே நிதானத்தில் நேராகப் போய்விட வேண்டும். ஒவ்வொருவராகக் கடந்தோம்.

கொஞ்ச தூரம் போனதும் என் கண்ணாடியில் பல் டாக்டர் இல்லை. வேகத்தைக் குறைத்தேன். வரவில்லை. நிறுத்தினேன். முன்னால் போன தம்பி (ஆமாம், அதே நூத்திப் பத்துத் தம்பி) என்னைப் பார்த்து நின்றார். டீச்சர் நின்றார். தலைவர் நின்றார். இரண்டு நிமிஷத்துக்குள் நாலு வண்டிகளும் திரும்பிக்கொண்டிருந்தன.

கொள்ளுக்கு அந்தப் பக்கம் ஒரு புளியமரம். அதன் அடியில் டெலிபோன் சார் உட்கார்ந்திருந்தார். விழவில்லை. புல்லட் ஸ்டாண்டு போட்டுப் பத்திரமாக நின்றது. ஆனால் சட்டை முழுக்க வேர்த்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மலையில் பாதி ஏறிவிட்டு, வாய்க்கு ருசியில்லை என்று நாலே கவளம் சாப்பிட்டிருக்கிறார். சர்க்கரை சர்ரென்று இறங்கிவிட்டது. பின்னால் வந்த லேத் அண்ணன், வண்டி லேசாக ஆடுவதைப் பார்த்ததுமே பக்கத்தில் போய் ஓரம் கட்ட வைத்திருக்கிறார். அவர் பையில் ஸ்பானர், பஞ்சர் சாமான்களோடு குளுக்கோஸ் பொட்டலமும் உண்டு. பல் டாக்டர் நாடி பார்த்தார். பல் டாக்டர் என்றாலும் டாக்டர்தானே. பெரியம்மா முறத்தைப் போட்டுவிட்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

பத்து நிமிஷத்தில் முகம் தெளிந்தது. தெளிந்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை: "வீட்டுல சொல்லிடாதீங்க சார். சாவியை வாங்கிடுவான்."

அறுபத்தாறு வயது மனிதர், பரீட்சை மார்க்கை மறைக்கிற பையன் மாதிரி எங்களைப் பார்த்தார். எங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தலைவர்தான் மெதுவாகச் சொன்னார்: "நாங்க சொல்லலை சார். நீங்க சொல்லணும்."

சாவியை அப்போது டாக்டர் வைத்துக்கொண்டார். பெரியம்மா வீட்டுச் சோறும் மோருமாக அவரை வயிறாரச் சாப்பிட வைத்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி நாடி பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஒரு சிக்கல். இனி அவர் ஆறாவதாக வரக் கூடாது, எல்லாரும் அவர் வேகத்துக்குப் போகிற மாதிரி இரண்டாவது இடத்தில் வர வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இரண்டாவது இடம் கற்றுக்குட்டிகளுக்கான இடம் என்று அவருக்கும் தெரியும். நாற்பது வருஷமாக புல்லட் ஓட்டுகிறவரிடம் போய் யார் சொல்வது?

டீச்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சார், நாலு மாசமா தலைவர் முதுகையே பார்த்துப் பார்த்து எனக்கு போரடிக்குது. உங்க இடத்தை எனக்குக் குடுங்களேன். நானும் கடைசியில வந்து கத்துக்கறேன்."

டெலிபோன் சார் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. "சரிம்மா. உனக்காக" என்று சொல்லி, புல்லட்டை உதைத்துக் கிளப்பினார். ஒரே உதை.

ஐம்பதுக்கு மேல் போகாமல் வந்தோம். மேல்மருவத்தூரைத் தாண்டும்போது எனக்கு ஒன்று தோன்றியது. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிற திட்டத்தை 2021 டிசம்பரில் இந்த ஊரில்தான் தொடங்கி வைத்தார்கள். 108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்தில் 2008-லிருந்து ஓடுகிறது. அடிபட்டவருக்கு உதவுகிறவரை போலீஸ், கோர்ட் என்று இழுத்தடிக்கக் கூடாது என்று 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதியாயிற்று. எல்லாம் இருக்கிறது. ஆனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒரு ஆள் வேண்டுமே! விழுந்தவர் விழுந்த இடத்தில் கிடக்க, கூட வந்தவர்கள் மலை மேல் இரண்டாவது பிளேட் சொல்லிக்கொண்டிருந்தால் எந்தத் திட்டம்தான் என்ன செய்யும்?

எங்கள் கிளப்பில் ரைடு முடிகிற இடம் பெருங்களத்தூர் இல்லை. அவரவர் வீட்டுக்குப் போய் வாட்ஸப்பில் 'வந்துட்டேன்' என்று ஒரு வார்த்தை போட வேண்டும். ஆறு வார்த்தைகளும் வந்த பிறகுதான் லேத் அண்ணன் தன்னுடையதைப் போடுவார். அதுவரை ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டமாட்டார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு ஐந்து வந்துவிட்டன. ஆறாவது வரவில்லை. ஏழரை ஆயிற்று. எட்டாயிற்று. எட்டே காலுக்கு வந்தது, தந்தி பாஷையில். தொலைபேசித் துறை அல்லவா!

'வந்துட்டேன். பையனிடம் சொல்லிட்டேன். ஒரு மணி நேரம் சண்டை. கூட்டத்தோடு மட்டும் போகலாம், ரெண்டாவது இடத்தில் மட்டும் போகலாம் என்று தீர்ப்பு. சாவி இருக்கு.'

அடுத்த நிமிஷம் லேத் அண்ணனின் 'வந்துட்டேன்.'

உங்களிடம் மோட்டார் சைக்கிள் இல்லாமல் இருக்கலாம். கிளப்பும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் குடும்பத்தோடு எழும்பூரில் ரயில் ஏறியிருப்பீர்கள். 'ஒண்ணு, ரெண்டு, மூணு... சின்னவன் எங்கடா?' என்று பெட்டி படுக்கையோடு பிள்ளைகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டே பின்னால் வந்த அம்மாவை ஞாபகம் இருக்கிறதா? அப்பா டிக்கெட்டும் கையுமாக முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருப்பார். கோச் நம்பரைக் கண்டுபிடித்தது அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் நாம் தொலைந்து போகாமல் ஊர் போய்ச் சேர்ந்தது யாரால்?

அதனால், அடுத்த தடவை நாலு பேராகச் சேர்ந்து எங்கே கிளம்பினாலும் சரி, கடையில் உட்கார்ந்து ஆர்டர் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை தலையை எண்ணிவிடுங்கள். ஒரு தலை குறைந்தால் எழுந்து போய்ப் பாருங்கள்.

பஜ்ஜி கொஞ்சம் ஆறினாலும் நன்றாகத்தான் இருக்கும்.